உறுமலை நிறுத்தியவன்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், காரைக்குடியிலிருந்து ஒருவர் தம் காரில் அல்சேஷன் நாய் ஒன்றை ஏற்றிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து இறங்கினார்.

"வாய்க்கட்டுக் கம்பவுண்டர் வீடு இதானுங்களா?"

"கம்பவுண்டர் வீடு இதுதான். வாய்க்கட்டெல்லாம் இங்க கெடையாதுங்க" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க. எங்க மச்சினன் வீட்டு நாயி யாரைக் கண்டாலும் உறுமிக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க பழக்கிவிட்ட பெறகு மூச்சுக் காட்டுறதில்ல. ஆறு வருசமாச்சு. அதே மாதிரி இதுக்கும் செஞ்சு விடுங்க."

"ஒங்க மச்சினன் வீட்ல சின்னப் பிள்ளைக இருக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டு பேரப் பிள்ளைக. ஏன் கேக்குறீங்க?"

அந்த நாயிடம் பிள்ளைகளைத் தனியே விட வேண்டாம் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. வேலை செய்ய மனமில்லாமல் கதை சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, "ஒங்க பேரைக் கேட்டு இம்புட்டுத் தூரம் வந்தேன் பாருங்க" என்று முனகியபடியே போய்விட்டார். அந்த மைத்துனரின் விலாசத்தை மட்டும் வாங்கி வைத்தேன். அன்றே கடிதம் எழுதிப் போட்டேன். பதில் இல்லை. அப்படிப் பதில் வராத வீடுகள் இன்னும் உண்டு. விலாசமே தெரியாத வீடுகளும் உண்டு. அவர்களில் யாராவது இதைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

நான் கால்நடைத் துறையில் கம்பவுண்டராக இருந்தவன். புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த வருஷம் வேலையில் சேர்ந்தேன். ஓய்வு பெறும் வயதுக்கு இன்னும் பத்து வருஷம் இருக்கும்போதே மருத்துவச் சான்றிதழ் வைத்து விலகிக்கொண்டேன். நாயைக் கண்டால் கை நடுங்குகிறது என்று சான்றிதழில் எழுத முடியாது. நரம்புத் தளர்ச்சி என்று எழுதிக் கொடுத்தார்கள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மருந்து கலக்கவும், மாட்டுக்கு மூங்கில் குழாய்க் கொட்டத்தில் மருந்து புகட்டவும், காளையைக் கயிறு போட்டுச் சாய்க்கவும், ஊசி கொதிக்க வைக்கவும் கற்றுக்கொண்டேன். நாயைப் பற்றி அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் நாயை வைத்தியத்துக்குக் கொண்டுவருவது அபூர்வம்.

பொன்னமராவதிப் பக்கம் ஒரு சிற்றூர் மருந்தகத்துக்கு என்னை மாற்றியபோது அங்கே டாக்டராக இருந்தவர் காசிம். மீமிசல்காரர். ஒல்லியான மனிதர், எப்போதும் முழங்கை வரை மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. மாடு வந்தால் நின்று பார்ப்பார். நாய் வந்தால் உட்கார்ந்துவிடுவார். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, நாய்க்கு முகத்தைக் காட்டாமல் தோளைக் காட்டி உட்காருவார். சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து பிளேடால் சீவத் தொடங்குவார். கொண்டுவந்தவரிடம் சங்கிலியைத் தளர்த்தச் சொல்லிவிட்டு மழையைப் பற்றியோ கண்மாயைப் பற்றியோ பேசிக்கொண்டிருப்பார். நாயின் பக்கம் கண்ணே போகாது. பென்சில் பாதி ஆனாலும் கவலைப்பட மாட்டார். நாய் தானாக வந்து அவர் முழங்காலை மோந்து பார்க்கும்வரை அப்படியேதான். மோந்த பிறகு புறங்கையைத் தாழ்வாக நீட்டுவார். முதலில் தொடுவது நெஞ்சை. தலைக்கு மேலே கையைக் கொண்டுபோனதை நான் பார்த்ததே இல்லை.

கடித்த நாய் என்று யாராவது கொண்டுவந்தால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"கடிக்கிறதுக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?"

"ஒண்ணுமே நடக்கலைங்க. சும்மா கெடந்த நாயி சும்மா கடிச்சிருச்சு."

"சும்மா யாரும் ஒண்ணும் செய்ய மாட்டாங்க. அதுக்கு முன்னாடி சொல்லுங்க."

"பய பக்கத்துல போனான்."

"அதுக்கும் முன்னாடி?"

இப்படியே பின்னால் பின்னால் போய், முந்தின வாரம் அந்த நாயின் இடத்தில் நெல் மூட்டை அடுக்கியது வரைக்கும் வந்துவிடுவார். பக்கத்து ஊர் கம்பவுண்டர்கள் எல்லாம் அவருக்கு 'முன்னாடி டாக்டர்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

நாயைத் தொட்ட பிறகு அவர் மார்க்கத்துப்படி ஏழு தடவை கை கழுவுவார். அதில் ஒரு தடவை மண்ணைத் தேய்த்து. தண்ணீர் ஊற்றுவது நான். ஒருநாள் மாடு கொண்டுவந்த ஒரு சம்சாரி இதைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சுத்தம் பாக்குறவரு இந்த உத்தியோகத்துக்கு எதுக்குங்க வந்தீங்க?" என்று கேட்டார். டாக்டர் கோபப்படவில்லை. "கழுவுனா போயிருதுல்ல? கழுவுனாலும் போகாத உத்தியோகமெல்லாம் எத்தனை இருக்கு" என்று சிரித்தார்.

அவர் வைத்தியம் செய்த விதத்துக்கு ஒன்று சொல்கிறேன். ஒரு ரைஸ்மில்காரர் வீட்டில் சீசர் என்று ஒரு நாய். மகனுக்குக் கல்யாணம் ஆனதிலிருந்து கொடியில் காயும் துணிகளில் மருமகளின் சேலையை மட்டும் தேடிப் பிடித்துக் கிழித்தது. ஏழு சேலை போய்விட்டது. மாமியார்தான் ஏவிவிட்டார் என்று ஊரில் பேச்சு.

"நான் ஏவிவிடுறதா இருந்தா சேலையோடவா டாக்டரய்யா விடச் சொல்லுவேன்?" என்று அந்த அம்மாள் கேட்டபோது மருமகளே சிரித்துவிட்டாள்.

டாக்டர் வழக்கம்போல 'முன்னாடி' போனார். கல்யாணத்துக்கு முன்னால் சீசர் மகனின் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தது. கல்யாணத்தன்று கொண்டுபோய் மாட்டுக் கொட்டகையில் கட்டியவர்கள் திரும்ப உள்ளே விடவில்லை. புது வாசனை ஒன்று வந்தது, தன் இடம் போய்விட்டது. நாய்க்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.

"அடிக்க வேணாம், கட்ட வேணாம். படுக்கிற எடத்தை அறைவாசல்ல குடுங்க. ரெண்டு வேளைச் சோத்தையும் மருமகதான் வைக்கணும். வேற யாரும் ஒரு எலும்புத் துண்டு கூடப் போடக்கூடாது" என்றார்.

ஒரு மாதத்தில் சீசர் மருமகளின் சேலைத் தலைப்பின் நிழலில் நடக்கத் தொடங்கியது. எனக்கு அதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. ஆனால் அவரது முறையில் எனக்குப் பொறுமை இல்லை. ஒரு மாதம் எதற்கு என்று தோன்றும்.

ஒருமுறை முன்னங்காலில் புண்ணோடு ஒரு நாட்டு நாய் வந்தது. கட்டுப் போடக் குனிந்தேன். பல்லைக் காட்டி உறுமியது. கையிலிருந்த குச்சியை ஓங்கி, "மூச்!" என்று அதட்டினேன். எங்கள் ஊரில் அழும் பிள்ளையை அடக்கச் சொல்கிற சொல்தான் அது. நாய் சட்டென்று அடங்கியது. எனக்குப் பெருமை. டாக்டர் என் கையிலிருந்து குச்சியை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தார்.

"தம்பி, அது ஒங்களை மிரட்டலை. கெஞ்சுது. 'இதுக்கு மேல வராதீங்க, வந்தா நான் கடிக்க வேண்டியதாயிரும், அந்த நெலமைக்கு என்னை விடாதீங்க'ங்குது. அதைப் போயி வாயை மூடுங்கிறீங்களே."

"இப்ப அடங்கிருச்சே சார்."

"வாய்தான் அடங்கிருக்கு" என்றார்.

நாய் எடுத்தவுடனே கடிப்பதில்லை என்று அன்று விளக்கினார். முதலில் உடம்பு விறைக்கும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஓரக்கண்ணில் வெள்ளை தெரியும். பிறகு உதடு தூக்கும். பிறகு உறுமும். அதற்கும் நாம் விலகாவிட்டால்தான் கடி. உறுமினால் அடி விழும் என்று கற்றுக்கொண்ட நாய், உறுமலை விட்டுவிடும். பயத்தையோ வலியையோ விடாது. நடுவிலே ஒரு படி இல்லாததால் நேராகக் கடிக்கு வந்துவிடும். "எனக்கு உறுமுற நாயைக் கண்டு பயமில்ல தம்பி. உறுமாத நாயைக் கண்டாத்தான் பயம்" என்றார். அதைக் கேட்டேன், தலையாட்டினேன், மறந்தேன்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். அதை மட்டும் நான் மறக்கவில்லை, ஊர் ஊராய்ச் சொல்லவும் செய்தேன். கடித்த நாயைக் கொல்லக்கூடாது. கட்டிப் போட்டுச் சோறு தண்ணீர் வைத்துப் பத்து நாள் பார்க்க வேண்டும். பத்து நாளும் நாய் நன்றாக இருந்தால் கடிபட்டவருக்கு வெறிநோய்ப் பயம் இல்லை. நாயைக் கொன்றுவிட்டால் பதில் சொல்ல ஆளில்லை. கடிபட்ட இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடுகிற தண்ணீரில் நெடுநேரம் கழுவ வேண்டும். வேறு எதுவும் செய்வதற்கு முன் அதுதான் முதல் வேலை. இதை என் மனைவி மீனாட்சியிடம்கூட வீட்டில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

ஐந்து வருஷம் கழித்து டாக்டருக்குப் புதுக்கோட்டைக்கு மாற்றல் வந்தது. அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. மருந்தகத்தைக் கொஞ்ச காலம் நானே பார்த்துக்கொண்டேன். எல்லாரும் என்னையே டாக்டர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். நான் மறுக்கவில்லை.

அப்போதுதான் அடுத்த வீட்டுச் சுப்பையா அண்ணன் தம் நாயைப் பற்றிச் சொன்னார். பினாங்கில் கடை வைத்திருந்துவிட்டு ஊர் திரும்பியவர் அவர். பிள்ளை இல்லை. டைகர் என்று செவலை நிறத்தில் ஒரு நாய் வளர்த்தார். நல்ல நாய். ஒரே ஒரு குறை, சாப்பிடும்போது யார் பக்கத்தில் போனாலும் உறுமும்.

"ஏம்ப்பா, சோறு போடுற என்னையவே உறுமுதே. இதுக்கு ஒரு வழி பண்ண மாட்டியா?"

சாப்பிடுகிற நாயை விட்டுவிடுங்கள் அண்ணே, யாரும் பக்கத்தில் போக வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். காசிம் டாக்டர் அதைத்தான் சொல்லியிருப்பார். நான் இருபது நாள் கேட்டேன்.

தட்டை வைப்பேன். டைகர் குனியும். பக்கத்தில் போவேன். தொண்டையில் உறுமல் புறப்படும் அந்த நொடியில், "மூச்!" என்று சொல்லி வேப்பங்குச்சியால் மூக்கில் ஒன்று போடுவேன். ஓங்கி அடிப்பதில்லை, சரியான நொடியில் அடிப்பேன். அந்தச் சரியான நொடியில்தான் என் சாமர்த்தியமே இருப்பதாக நினைத்தேன். பதினைந்தாம் நாள் குச்சி தேவைப்படவில்லை. "மூச்" என்ற சொல்லே போதும். இருபதாம் நாள் அந்தச் சொல்லும் தேவைப்படவில்லை. நான் தட்டை வாயிலிருந்து இழுத்தாலும் டைகர் தலையைத் திருப்பிக்கொண்டு விறைத்து நின்றது. அந்த விறைப்பையும் ஓரக்கண் வெள்ளையையும் நான் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

ஊரில் அதை வாய்க்கட்டு என்றார்கள். பாம்புக்கும் நாய்க்கும் மந்திரத்தால் வாயைக் கட்டுகிறவர்கள் எங்கள் பக்கம் உண்டு. நான் அந்தப் பேச்சைக் கேட்டால் சிரிப்பேன். "மந்திரமும் இல்ல, மாயமும் இல்ல. இது சைக்காலஜி" என்பேன். படித்தவன் அல்லவா. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில், டைகரோடு சேர்த்துப் பதினேழு நாய்களின் உறுமலை நிறுத்தினேன்.

வருகிறவர்கள் நம்ப வேண்டுமே. அதற்காக ஒரு காரியம் செய்தேன். இதை எழுதும்போதும் பேனா நின்று நின்றுதான் போகிறது. என் மகள் மங்கைக்கு அப்போது ஏழு வயது. எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. வந்தவர்களைச் சுப்பையா அண்ணன் வீட்டு முற்றத்துக்கு அழைத்துப் போவேன். டைகர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். "ஆத்தா, தட்டை எடு" என்பேன். மங்கை போய் நாயின் வாய்க்குக் கீழிருந்து தட்டை எடுப்பாள். பிறகு, நான் சொல்லிக் கொடுத்தபடி, அதன் தலையைத் தடவிக் கொடுப்பாள். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். மங்கைக்கும் அது பெருமைதான். மீனாட்சிக்கு மட்டும் பிடிக்கவில்லை.

"ஒங்க வித்தையைக் காட்ட எம்பிள்ளைதான் கெடைச்சாளா? நீங்க போயி எடுங்களேன்."

"நான் எடுத்தா எவன் ஆச்சரியப்படுவான்?" என்று கேட்டேன்.

அது நடந்த அன்று நான் அங்கே இல்லை. மருந்தகத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். மங்கை பள்ளிக்கூடத் தோழிகள் இரண்டு பேரை அழைத்துக்கொண்டு போய் அவளாகவே வேடிக்கை காட்டியிருக்கிறாள். தட்டை எடுத்தாள், டைகர் பேசாமல் நின்றது. தலையைத் தடவினாள், கை காதுக்குப் போனது. ஒரு சத்தமும் இல்லாமல் அது அவள் முகத்தைக் கவ்வியது.

அலறல் கேட்டுச் சுவரைத் தாண்டி ஓடினேன். கன்னமும் மேலுதடும் கிழிந்து ரத்தம் சட்டையில் வழிந்தது. டைகர் மூலையில் ஒடுங்கி நின்றுகொண்டிருந்தது. என் கைக்கு அகப்பட்டது உலக்கை.

சுப்பையா அண்ணன் ஓடிவந்து என் இடுப்பைப் பிடித்தார். "வேணாம்யா! கட்டிப் போட்ருவோம்! நீதானய்யா சொல்லுவ, பத்து நாளு வச்சுப் பாக்கணும்னு. நீயே சொல்லிட்டு நீயே செய்யிறியே!"

பின்னாலிருந்து மீனாட்சி கத்தினாள். "அங்கிட்டு என்ன செய்யிறீங்க? புள்ளையத் தூக்குங்க! சோப்பு, சோப்பு எங்கே?"

நான் இரண்டையும் கேட்டேன். இரண்டும் என் வாயிலிருந்து அவர்கள் கற்றுக்கொண்டவை. நாயின் தலையில் அடித்தேன், அடங்கிய பிறகும் அடித்தேன். திரும்பிப் பார்த்தபோது மீனாட்சி மங்கையை மடியில் கிடத்தி, கிணற்றடியில் சோப்பு நுரையும் ரத்தமுமாகக் கழுவிக்கொண்டிருந்தாள். என் பிள்ளையை அன்றைக்கு யாராவது காப்பாற்றினார்கள் என்றால் அது அவள்தான்.

சுப்பையா அண்ணனே ஒரு பிளசர் கார் பிடித்துவந்தார். முன்னால் நான், பின்னால் மீனாட்சியும் மங்கையும். நாயைச் சாக்கில் கட்டி டிக்கியில் போட்டோம். புதுக்கோட்டை பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, சாக்கோடு காசிம் டாக்டரைத் தேடிப் போனேன்.

அவர் சாக்கை அவிழ்த்துப் பார்த்தார்.

"வெறிநோய் இருந்துச்சா இல்லையான்னு பாக்கணும்னா மூளையை எடுத்து லேபுக்கு அனுப்பணும் தம்பி. மண்டை இப்படிச் செதஞ்சு கெடந்தா எதை எடுக்க? யாரு அடிச்சது?"

"நான்தான் சார்."

குனிந்து நாயின் உடம்பை ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். இடது காது மடலைப் புரட்டினார். உள்ளே சீழ், அதில் புழு நெளிந்தது. ஒரு வாரத்துப் புண் என்றார்.

"தொட்டா உயிர் போயிருக்கும். ஒரு வாரமா யாரு கை வச்சாலும் உறுமியிருக்கணுமே. உறுமலையா?"

"அதை நான் நிறுத்திட்டேன் சார்."

அவர் எழுந்து தண்ணீர்க் குழாய்க்குப் போனார். நான் சொம்பில் எடுத்து ஊற்றக் கை நீட்டினேன். "வேணாம், நானே ஊத்திக்கிறேன்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் எனக்குக் கொடுத்த தண்டனை அது ஒன்றுதான்.

காதுப் புண்தான் காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வெறிநோய் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்? சொல்லக்கூடிய ஒரே சாட்சியை நானே கொன்றுவிட்டேன். பதினாலு ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். தினம் ஒன்று, தொப்புளைச் சுற்றி. அந்த மருந்தால் சிலருக்கு நரம்பு பாதிக்கும் என்றும் எச்சரித்தார். "கை கால் மரத்தாலோ, தலை வலிச்சாலோ பாப்பா ஒடனே சொல்லணும். மறைக்கக் கூடாது."

ஆஸ்பத்திரிக்கு எதிரில் ஒரு அறை எடுத்துத் தங்கினோம். முதல் நாள் மங்கை கதறினாள், நர்சை உதைத்தாள். இரண்டாம் நாள் அவளைப் பிடிக்க நான்கு பேர் வேண்டியிருந்தது. வயிறு வீங்கிச் சிவந்திருந்தது. மூன்றாம் நாள் ஊசியைப் பார்த்ததுமே அவள் வாய் திறந்தது. நான் அவள் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தேன். எனக்கும் தாங்கவில்லை. "சத்தம் போடாம இருந்தா சீக்கிரம் முடிஞ்சிரும். மூச்!" என்றேன்.

அந்தச் சொல்லை நான் யோசித்துச் சொல்லவில்லை. டைகரிடம் சொன்ன அதே குரல், அதே நொடி. மங்கையின் வாய் மூடிக்கொண்டது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி, உடம்பை விறைத்துக்கொண்டாள். ஊசி போட்டு முடிகிறவரை ஒரு சின்ன முனகல்கூட இல்லை.

"அடேயப்பா, எம்புட்டுத் தைரியமான பொண்ணு!" என்றார் நர்ஸ். பக்கத்துக் கட்டில்காரர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு அவளைக் காட்டினார்கள். மீதிப் பதினோரு ஊசிக்கும் அவள் அழவில்லை. நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஆறாம் நாளோ ஏழாம் நாளோதான் விளங்கியது. ஊசி ஏறும்போது சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்த அவள் கண்ணில், ஓரமாக வெள்ளை தெரிந்தது. அதற்குப் பிறகு, "அழு ஆத்தா, வலிச்சா அழு" என்று கெஞ்சினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள்.

ஊசி முடிந்தாலும் பயம் முடியவில்லை. அந்த நோய் மாதங்கள் கழித்தும் வரும் என்று எனக்குத் தெரியும். வந்தால் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும் என்றும் தெரியும். தினம் காலையில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொடுத்து எதிரில் உட்காருவேன். "குடி ஆத்தா." அவள் தொண்டை ஏறி இறங்குவதையே பார்ப்பேன். முழுத் தண்ணீரும் இறங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வரும். "போதுங்க, புள்ளை உங்க மொகத்தைப் பாத்தே பயந்திரும்" என்பாள் மீனாட்சி. ஐந்து வருஷமாகிவிட்டது. ஒன்றும் வரவில்லை. இப்போதும் அவள் தண்ணீர் குடித்தால் என் கண் அங்கேதான் போகும்.

சுப்பையா அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை, ஆனால் நாய் வளர்க்கவில்லை. நான் மீதியிருந்த பதினாறு வீடுகளையும் தேடினேன். ஒன்பது வீடுகளைக் கண்டுபிடித்து நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். சிலர் கேட்டார்கள். சிலர், "நல்லாத்தானேங்க இருக்கு, ஏன் கெடுக்கிறீங்க" என்றார்கள்.

ஆகையால் சொல்கிறேன். உங்கள் வீட்டு நாய் உறுமினால் அடிக்காதீர்கள். இருந்த இடத்தில் நின்று, பார்வையை விலக்கி, பின்னால் நகருங்கள். பிறகு யோசியுங்கள், இதற்கு முன்னால் என்ன நடந்தது? சாப்பிடுகிறதா, தூங்குகிறதா, எங்காவது வலிக்கிறதா, அதன் இடத்தை எடுத்துக்கொண்டோமா? சாப்பிடும் நாயைத் தனியாக விடுங்கள். பிள்ளைகளுக்கு நாயின் உறுமல் என்றால் 'வேண்டாம்' என்று அர்த்தம் சொல்லிக் கொடுங்கள். என்னிடமோ என்னைப் போன்றவர்களிடமோ பழகி, எதற்கும் உறுமாத நாய் உங்களிடம் இருந்தால், அது சாது என்று நம்பிப் பிள்ளைகளை அதனிடம் தனியே விடாதீர்கள். அது முகம் திருப்பினாலே விலகிவிடுங்கள். என்றைக்காவது அது மறுபடி உறுமினால் சந்தோஷப்பட்டு உடனே நகர்ந்து வழி விடுங்கள். சொன்னால் கேட்கிறார்கள் என்று தெரிந்தால் அதற்குக் குரல் திரும்பும். இரண்டு வீட்டு நாய்களுக்கு அப்படித் திரும்பியதைப் பார்த்தேன்.

எல்லாருக்கும் திரும்புவதில்லை.

போன வாரம் மங்கையின் பள்ளிக்கூடத்திலிருந்து டீச்சர் ஆள் அனுப்பினார். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. வகுப்பில் காய்ச்சலில் மயங்கிவிட்டாள். தூக்கிவந்து பார்த்தால் இடது குதிகாலில் கருவேல முள் ஒடிந்து உள்ளே நின்று, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. நான்கு நாளாகியிருக்கும். நான்கு நாளும் இரண்டு மைல் நடந்து போய் நடந்து வந்திருக்கிறாள். ஒரு மாடு தெருமுனையில் வரும்போதே எந்தக் காலில் கோளாறு என்று சொல்லிவிடுகிறவன் நான். என் பிள்ளை என் கண்ணெதிரே நொண்டாமல் நடந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை.

காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். ஊசியைச் சுடவைத்தேன்.

"வலிக்கலையா ஆத்தா?"

"வலிச்சுச்சுப்பா."

"ஏன் சொல்லலை?"

உதட்டுத் தழும்பைக் கடித்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "எப்படிச் சொல்றதுன்னு தெரியலைப்பா" என்றாள்.

"இப்ப வலிக்கும். நல்லாக் கத்து. தெருவே கேக்குற மாதிரிக் கத்து. என்னைய உதை. ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"சரிப்பா" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஊசியால் கிளறி முள்ளை எடுத்தேன். நகக்கண் அளவு நீளம் இருந்தது. அவள் சத்தமே போடவில்லை.